வாசலிலேயே சொல்லிவிடுகிற வீடு

ஊருக்கு விருந்தாளிகளை வரவழைப்பது என் தொழில். அவர்கள் வந்தபிறகு எங்கே நிற்பது, கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் தவிப்பதும் அதே சம்பளத்தில் அடக்கம்.

புதுக்கோட்டையில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மேல்மாடியில் எங்கள் அலுவலகம். ஊருக்கும் மண்ணுக்கும் கெடுதல் வராமல் சுற்றுலாவை வைத்துப் பிழைக்க நினைக்கிறவர்களுக்குக் கைகொடுப்பது எங்கள் வேலை. வீட்டில் ஓர் அறையைப் பயணிகளுக்கு ஒதுக்குகிறவர்கள், படகு வைத்திருப்பவர்கள், மதியச் சாப்பாடு போடுகிறவர்கள் என்று மாவட்டம் முழுக்க ஆள்கள். அவர்களுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும், படிவம் நிரப்பித்தர வேண்டும், பயணிகளை அனுப்பும் கம்பெனிகளோடு சேர்த்துவிட வேண்டும். நாங்கள் என்றால் சாரும் நானும். சார் கூட்டங்களுக்குப் போவார். மீதியெல்லாம் நான்.

எனக்குப் புது ஆளிடம் பேசினால் உள்ளங்கை வேர்த்துவிடும். போன் அடித்தால் அது ஓயும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பிறகு 'கூப்பிட்டீங்களா' என்று மெசேஜ் அனுப்புகிற ரகம். இப்படிக் கூச்சத்தோடு ஆள் பார்க்கும் வேலையில் வந்து மாட்டிக்கொண்டவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். அதிலும் தன்னைவிட விவரமானவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும்படி ஆனவர்கள் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இது நமக்குள் பேசிக்கொள்வது.

கதவு

கொடும்பாளூருக்குப் பக்கத்தில் ஒரு சமுதாயக் கூடத்தில் என் முதல் வகுப்பு. சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து பதினைந்து பேர் வந்திருந்தார்கள். 'பயணிகளின் எதிர்பார்ப்புகள்' என்ற தலைப்பில் இருபத்திரண்டு படங்கள் தயாரித்து, மூன்று நாள் கண்ணாடி முன்னால் பேசிப் பார்த்திருந்தேன். நான்காவது படத்தில் கரண்ட் போனது. அதோடு என் குரலும் போனது. பதினைந்து பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் சுவிட்ச் போர்டைப் பார்த்தேன்.

முன்வரிசையில் இருந்த ஓர் அக்கா எழுந்து, கரண்ட் வரும்வரை நான் பேசட்டுமா என்று கேட்டார். பெயர் தனலெட்சுமி. வயது முப்பத்தைந்துக்குள். பயணிகள் பார்க்க வரும் பழைய மூவர் கோயிலிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் வீடு. சித்திரை வெயிலில் நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் தொடர்ந்து அங்கே ஒரு மரத்தடியில் உட்கார்ந்து, வருகிறவர்கள் என்னென்ன செய்கிறார்கள் என்று பார்த்திருக்கிறார். யார் நிழலுக்கு ஒதுங்கினார்கள், யார் தண்ணீர் தேடினார்கள், கைக்குழந்தையோடு வந்தவர்கள் எங்கே உட்கார்ந்தார்கள் என்பதெல்லாம் அவருக்கு விரல்நுனியில் இருந்தது. அதன்பிறகு தன் வீட்டுக் கழிப்பறைக்கு ஓடு பதித்துச் சுத்தமாக்கி, வருகிற பெண்களுக்குத் திறந்துவிட்டார். முகம் கழுவிக்கொண்டு வந்தவர்களுக்கு மோர் கொடுத்தார். மோர் குடித்தவர்கள் சாப்பாடு கிடைக்குமா என்றார்கள். சாப்பிட்டவர்கள் தங்க இடம் உண்டா என்றார்கள். பின்கட்டில் இரண்டு அறை கட்டினார்.

கரண்ட் வந்தும் நான் படத்தைப் போடவில்லை. இருபத்திரண்டிலும் இல்லாத ஒன்றை அவர் சொல்லி முடித்திருந்தார். "வர்ற பொம்பளைங்க கார விட்டு எறங்குனதும் மொதல்ல கோபுரத்தப் பாக்குறதில்ல மேடம். எங்கிட்டாவது சாத்துற மாதிரி ஒரு கதவு இருக்கான்னுதான் பாக்குறாங்க."

நடுக்கடலில் நின்றவர்

இடையில் மணமேல்குடிப் பக்கம் ஒரு நாள். பாலுச்சாமி அண்ணன் மீன்பிடி ஓய்ந்த நேரத்தில் பயணிகளைப் படகில் கூட்டிப்போகிறவர். அவருக்காக நான் இரண்டு பக்கப் பாதுகாப்பு விதிகள் எழுதிக்கொண்டு போயிருந்தேன். கரை கண்ணுக்கு ஒரு கோடாகிப்போன இடத்தில் இன்ஜினை நிறுத்தினார். சத்தம் நின்றதும் கடல் என்பது எவ்வளவு பெரிய மௌனம் என்று தெரிந்தது. வானமும் தண்ணீரும் ஒரே நிறத்தில், நடுவில் நாங்கள் ஆறு பேர். மதுரையிலிருந்து வந்த ஒரு குடும்பத்தின் பாட்டுப்பெட்டியைக்கூட யாரோ அணைத்துவிட்டார்கள்.

திடீரென்று அண்ணன் படகைவிட்டு வெளியே கால் வைத்தார். எனக்கு மூச்சு நின்றது. அவர் நின்றார். இடுப்புக்கும் கீழேதான் தண்ணீர். நடுக்கடலில் ஒரு மனிதர் வரப்பில் நிற்பதுபோல் நின்றுகொண்டு, படகின் விளிம்பில் கை ஊன்றிச் சிரித்தார். என் விதிகளில் எழுதியிருந்தபடி லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றாமலேதான் இறங்கியிருந்தார். நான் கையில் பிடித்திருந்த தாளைப் பார்த்துச் சொன்னார்: "எழுதுனது எல்லாம் சரிதான் மேடம். ஆனா இந்த எடத்துல முழுகணும்னா ஆளு படுத்தாத்தான் உண்டு."

விழுந்த கோயில்

தனலெட்சுமி அக்காவின் வீட்டுக்காரர் சின்னையா. சிங்கப்பூரில் பதினோரு வருடம் கட்டட வேலை பார்த்துவிட்டு, ஒப்பந்தம் முடிந்து ஊருக்கு வந்திருந்தார். வருகிறவர்களுக்கு அவரே கோயிலைச் சுற்றிக்காட்டட்டும் என்றார் அக்கா. நான் நான்கு பக்கத்தில் மன்னர் பெயர், வம்சம் எல்லாம் எழுதிக்கொடுத்து மனப்பாடம் செய்யச் சொன்னேன். தலையாட்டி வாங்கி, சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டார். அடுத்த வாரம் ஒரு கல்லூரிக் குழுவோடு நானும் போனபோதும் அது அதே பையில், அதே மடிப்பில் இருந்தது.

மூவர் கோயிலில் இரண்டுதான் முழுசாக நிற்கின்றன. மூன்றாவதற்கு அடித்தளம் மட்டும் மிச்சம். எல்லோரும் நிற்கிற இரண்டைத்தான் படம் எடுப்பார்கள். இவர் குழுவை நேரே வெறும் அடித்தளத்துக்குக் கூட்டிப்போனார். நின்றுகொண்டிருப்பது எதையும் காட்டாது, விழுந்ததுதான் உள்ளே என்ன இருக்கிறது என்று காட்டும் என்றார். எந்தக் கல் எதன்மேல் எப்படி உட்காருகிறது, கிரேன் இல்லாமல் இத்தனை பாரத்தை மேலே ஏற்ற என்னவெல்லாம் செய்திருப்பார்கள், பாரம் எந்த வழியாக மண்ணுக்கு இறங்குகிறது என்று கல்லைத் தொடாமல் காற்றில் கையால் கட்டிக் காட்டினார். அந்தக் கை மேலே போகப்போக, இல்லாத கோயில் எழும்பியது. நான் சத்தியமாகப் பார்த்தேன். பிள்ளைகள் போனைக் கீழே இறக்கிவிட்டுக் காலி இடத்தை அண்ணாந்து பார்த்தார்கள்.

திரும்பி வரும்போது, அங்கே பெரிய பெரிய கட்டடமெல்லாம் கட்டியிருப்பீர்களே என்று எப்படியோ தைரியம் வந்து கேட்டுவிட்டேன். கோயில் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "கட்டுனேன் மேடம். முடிஞ்சப்பறம் அதுல ஒண்ணுக்குள்ளயும் நான் போனதில்ல. இதுக்குள்ளதான் தெனமும் போறேன்."

படிவம்

அப்போதுதான் ஒரு நல்ல வாய்ப்பு வந்தது. சென்னையில் ஒரு பயணக் கம்பெனி, கிராமங்களில் தங்கிப் பார்க்க விரும்புகிறவர்களைச் சின்னச் சின்னக் குழுவாக அனுப்புகிறது. அவர்களுடைய ஆள் ஒருவர் நேரில் வந்து இரண்டு ராத்திரி தங்கிப் பார்ப்பார். பிடித்துவிட்டால் மார்கழியிலிருந்து வாரம் தவறாமல் ஆள் வரும். அக்காவுக்கு இது வெறும் வியாபாரம் இல்லை. சின்னையா அண்ணனைத் திரும்பச் சிங்கப்பூருக்கு அனுப்பத் திருச்சி ஏஜெண்ட் ஒருவர் நெருக்கிக்கொண்டிருந்தார். இந்தக் கம்பெனி வந்தால் அவர் ஊரோடு இருக்கலாம், வராவிட்டால் விமானம்தான். கம்பெனி ஆள் வந்து பார்க்கட்டும், அதற்குப் பிறகு ஏஜெண்டுக்குப் பதில் சொல்லுங்கள் என்று அக்கா அண்ணனை நிறுத்தி வைத்திருந்தார்.

கம்பெனி ஒரு நீளமான படிவம் அனுப்பியிருந்தது. நான் கேள்வியைத் தமிழில் வாசிக்க, அக்கா பதில் சொல்லிக்கொண்டே வெங்காயம் உரித்தார். குளித்த தண்ணீர் எங்கே போகிறது என்ற கேள்விக்கு எழுந்துபோய் வாழைக் கன்றுகளைக் காட்டினார். மீந்த உணவை என்ன செய்வீர்கள் என்றதற்கு, மீந்தால்தானே என்றார். 'பயணிகளுக்கு நீங்கள் வழங்கும் பண்பாட்டு அனுபவம் என்ன' என்று ஒரு கேள்வி. அவருக்குப் புரியவில்லை. கும்மி, கோலாட்டம் போல ஏதாவது ஏற்பாடு செய்து காட்டலாமே என்று விளக்கினேன். உரித்துக்கொண்டிருந்த கை நின்றது. "அவங்களுக்காகத் தனியா எதையும் நடத்த மாட்டோம் மேடம். நாங்க பாட்டுக்கு நடத்துறப்ப வந்தாங்கன்னா, பாத்துட்டுப் போகட்டும். அப்புடியே எழுதிருங்க."

அப்படியே எழுதிவிட்டேன்.

இரண்டு நிமிடம் நாற்பது விநாடி

பங்குனியில் ஒரு செவ்வாய்க்கிழமைக்குத் தேதி குறித்தோம். முகூர்த்த நாள் இல்லை, அரசு விடுமுறை இல்லை, எல்லாம் காலண்டரில் பார்த்துத்தான் செய்தேன். ஒரு வாரம் கழித்து அக்காவிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு வந்தது. இரண்டு நிமிடம் நாற்பது விநாடி. தலையணை உறை வெள்ளையா பூப்போட்டதா என்று ஆரம்பித்தது. அரை நிமிடம் கேட்டேன். பஸ் வந்துவிட்டது. கட்டைவிரலை உயர்த்திக் காட்டும் படம் ஒன்றை அனுப்பிவிட்டு ஏறிவிட்டேன். இந்தப் பாவத்தை நீங்களும் செய்திருப்பீர்கள்.

திங்கள்கிழமை மதியம், நாளைக்கு எல்லாம் தயார்தானே என்று கேட்கப் போன் செய்தேன். எது நாளைக்கு என்று திருப்பிக் கேட்டார் அக்கா. தலையணை உறைக்கும் குளியலறைத் தாழ்ப்பாளுக்கும் அப்புறம், அந்தப் பதிவின் கடைசி இருபது விநாடியில் அக்கா சொல்லியிருந்தது இது: ஊர்க்கூட்டத்தில் அந்தச் செவ்வாய்க்கிழமைதான் மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டு என்று முடிவாகிவிட்டது, அதனால் அந்தத் தேதி வேண்டாம், மாற்றிவிடுங்கள். என் கட்டைவிரலைப் பார்த்து, மாற்றிவிட்டேன் என்றே நினைத்திருக்கிறார். நான் ஆவூர்ப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். காப்பு என்றால் கையில் கட்டும் மஞ்சள் கயிறு என்பதற்குமேல் எனக்குத் தெரியாது. அக்காதான் சொன்னார். அன்று காலையிலிருந்து ஊரில் எந்த அடுப்பிலும் தாளிக்கக் கூடாது, பொரிக்கக் கூடாது, கவிச்சி கிடையாது. தெருவில் செருப்பு கிடையாது. அந்தியில் காப்புக் கட்டும்போது ஊர் எல்லைக்குள் இருக்கிறவர், எட்டு நாள் கழித்துக் காப்பு அவிழ்க்கும்வரை பகலில் எங்கே போனாலும் ராத்திரி ஊருக்குள்தான் படுக்க வேண்டும்.

நாங்கள் அனுப்பிய சாப்பாட்டுப் பட்டியலில் நாட்டுக்கோழிக் குழம்பு இருந்தது. சென்னைக்குப் போன் செய்தேன். இதை விட்டால் ஐப்பசியில்தான் வர முடியும் என்றார்கள். அதுவரை ஏஜெண்ட் காத்திருக்க மாட்டார். மறுபடி அக்காவைக் கூப்பிட்டு, வருகிறவரிடம் இதையெல்லாம் சொல்லாமல், உள்ளே ஒரே ஒரு கரண்டி கடுகு மட்டும் தாளித்தால் யாருக்குத் தெரியும் என்று அழுதுகொண்டே கேட்டேன். கேட்டதை நினைத்தால் இன்றும் கூசுகிறது. அவர் என்னைத் திட்டவில்லை. "பயப்படாதீங்க மேடம். வர்றவங்கள வாசல்லயே நிப்பாட்டி உள்ளதச் சொல்லிருவோம். கேட்டுட்டு உள்ள வந்தா விருந்தாளி, திரும்பிப் போனா வழிப்போக்கரு. ரெண்டு பேருக்கும் மோர் உண்டு."

தாளிக்காத சாப்பாடு

வந்தவர் நிர்மலா அம்மா. ஐம்பது வயதுக்கு மேல், வெட்டிவிட்ட நரைமுடி, கையில் ஒரு குட்டி நோட்டு. ஊர் எல்லையில் வேப்பிலைத் தோரணம் கட்டியிருந்தது. அங்கேயே காரை நிறுத்தி, செருப்பை விடச் சொன்னார் சின்னையா அண்ணன். உச்சிவெயில். நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தால், தோரணத்திலிருந்து வீட்டு வாசல் வரைக்கும் தண்ணீரில் நனைத்த சாக்குகளை வரிசையாக விரித்து வைத்திருந்தார் அக்கா. நிர்மலா அம்மா செருப்பை விட்டுவிட்டுச் சாக்குமேல் நடந்தார்.

பையைக் கீழே வைப்பதற்கு முன்பே அக்கா எல்லாவற்றையும் சொன்னார். சாப்பாடு எப்படி இருக்கும், ஏன் அப்படி இருக்கும், அந்திக்குள் கிளம்பினால் கிளம்பலாம், இருந்துவிட்டால் எட்டு ராத்திரி. நான் தூணுக்குப் பின்னால் நின்றிருந்தேன். நிர்மலா அம்மா நோட்டைத் திறந்தார், மூடினார், சாப்பிட உட்கார்ந்தார். சோறு, கடைந்த பருப்பு, அவித்த மொச்சை, கீரை மசியல், மாங்காய்ப் பச்சடி. பிறகு பச்சைப்புளி ரசம்: அடுப்பே ஏற்றாமல், புளியைக் கரைத்து, சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் தட்டிப்போட்டு, கையால் பிசைந்தது. அதில் எண்ணெய் இல்லை, கடுகு இல்லை, வாசனை வந்து ஆளைக் கூப்பிடவில்லை. நாக்கில் பட்டதும் புளி புளியாக இருந்தது, வெங்காயம் வெங்காயமாக இருந்தது. இத்தனை வருடம் இவையெல்லாம் சட்டை போட்டுக்கொண்டுதான் என் முன்னால் வந்திருக்கின்றன என்று தோன்றியது.

நிர்மலா அம்மா ரசத்தை மூன்றாம் முறை கையில் வாங்கிக் குடித்தார். பிறகு அக்காவிடம் சொன்னார்: "எப்படிச் செஞ்சீங்கன்னு எழுதிக்கலாம்னு பார்த்தா, என்னென்ன செய்யாம விட்டீங்கன்னுதான் எழுதணும் போல இருக்கு."

மேளம்

ஆனால் அவரால் எட்டு நாள் இருக்க முடியாது. மூன்றாம் நாளே திருச்சிப் பக்கம் வேறு வேலை. ஐந்து மணிக்கு விராலிமலை லாட்ஜுக்குக் கிளம்பினார். காரில் ஏறும்போது, சாப்பாடு வேறு, தங்குவது வேறு, நான் படுத்து எழுந்திரிக்காத வீட்டை எப்படிச் சிபாரிசு செய்வது என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். கார் புழுதியோடு போனது. அக்காவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு ஓடிவிடலாம் என்று திரும்பி நடந்தேன். அக்கா வீட்டில் இல்லை. எல்லோரும் கோயிலுக்குப் போயிருந்தார்கள். தேடிக்கொண்டு போனேன்.

கோயில் முன்னால் ஊரே நின்றது. குளித்த ஈரத்தோடு, வெறுங்காலோடு, திருப்பூரிலும் சென்னையிலும் வேலை பார்க்கிற பிள்ளைகள்கூட வந்து நின்றிருந்தார்கள். மேளம் நின்றது. ஒரு கைக்குழந்தையும் அழவில்லை. பூசாரி வேப்பிலை செருகிய மஞ்சள் கயிற்றை முதல் கையில் கட்டினார். தூரத்தில் ஒரு மயில் அகவியது. பொட்டலுக்கு அப்பால் சூரியன் இறங்க, அத்தனை முகமும் ஒரே மஞ்சளாக இருந்தது. இவர்கள் இதை யாருக்கும் காட்டவில்லை, இதற்குப் பார்வையாளர் என்று யாருமே இல்லை என்பது எனக்கு உறைத்தபோது உடம்பு சிலிர்த்துவிட்டது. மேளம் மறுபடி எழுந்தபோதுதான் நினைவு வந்தது. காப்புக் கட்டி முடிந்திருந்தது. நான் எல்லைக்குள் நின்றுகொண்டிருந்தேன்.

ஊர்ப் பெரியவர்கள், அது வேதக்காரப் புள்ள, அதுக்கு இதெல்லாம் கெடையாது, போகட்டும் என்றார்கள். என் தப்பால் வந்த வினை. இந்த விதிக்காக, வேண்டிய விருந்தாளியையே அனுப்பிவிட்டு நிற்கிறார் அக்கா. நான் எந்த முகத்தோடு அந்தத் தோரணத்தைத் தாண்டிப் போவது. வண்டிச் சாவியைச் சின்னையா அண்ணனிடம் கொடுத்தேன். பிறகு வீட்டுக்குப் போன் செய்தேன். ஜெபமாலை, பாவசங்கீர்த்தனம் என்று ஏதாவது வரும் என்று பார்த்தால், அம்மா முழுவதையும் கேட்டுவிட்டு இவ்வளவுதான் சொன்னார்: "எட்டு நாளா? சரி. அவங்க வீட்டுல சும்மா ஒக்காந்து திங்காத. போயிப் பாத்திரத்தக் கழுவு."

தாழ்ப்பாள்

பகலில் அலுவலகம், அந்திக்குள் ஊர். எல்லையில் செருப்பை விட்டுவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்து, காலையில் வாங்கிய சாவியை மறுபடி அண்ணனிடம் கொடுப்பேன். படுக்கை விருந்தாளி அறையில். இரண்டாம் நாள் காலை குளியலறைத் தாழ்ப்பாள் சிக்கிக்கொண்டது. எனக்கோ கூப்பிடக் கூச்சம். எல்லோரும் வேலையாக இருப்பார்களே என்று உள்ளேயே நின்றேன். முக்கால் மணி நேரம். கடைசியில் அக்காவாகவே வந்து கதவைத் தட்ட, சின்னையா அண்ணன் கீலைக் கழற்றி என்னை மீட்டார். அன்றே அண்ணன் புதுத் தாழ்ப்பாள் போட்டார். சிக்கியது, குரல் பதிவில் அக்கா சொன்ன அதே தாழ்ப்பாள். அன்றிலிருந்து அக்கா என்னை மேடம் என்று கூப்பிடவில்லை.

நான்காம் நாள் காலை ஏஜெண்ட் அழைத்தார். சென்னையில் மருத்துவப் பரிசோதனை, இரண்டு நாள் தங்க வேண்டும், உடனே கிளம்பச் சொன்னார். அண்ணன் முற்றத்தில் நின்று பேசியது எங்களுக்குக் கேட்டது. காப்புக் கட்டியிருக்கு, ராத்திரி வெளியே தங்க முடியாது என்றார். அப்படியென்றால் அந்த இடத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்றார் ஏஜெண்ட். கொடுத்துவிட்டார். விமானமும் இல்லை, கம்பெனியும் இல்லை. அக்கா ஏற்கனவே கழுவிய சட்டியை மறுபடி தேய்த்துக்கொண்டிருந்தார். யாராவது அழுவார்கள், சண்டை போடுவார்கள் என்று நான் பயந்துகொண்டிருந்தேன். அண்ணன் வந்து அக்காவுக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "பதினோரு வருசமா போன்லதான் திருவிழாவப் பாத்தேன். இந்த வருசம் ஆளே நிக்கிறேன். எட்டு நாளாச்சும் முழுசா நின்னுட்டுப் போறேனே."

அன்று சாயங்காலம், சாரைக்கூடக் கேட்காமல், நிர்மலா அம்மாவுக்கு ஒரு நீளமான கடிதம் எழுதினேன். காப்புக் கட்டிய பிறகு அந்த வீட்டில் படுத்து எழுந்த ஒரே விருந்தாளி நான்தான் என்று ஆரம்பித்து, தாழ்ப்பாளை எழுதினேன், மூன்று மணிக்கு அறைக்குள் வரும் வெக்கையை எழுதினேன், கொசுவை எழுதினேன். என் கட்டைவிரலையும் எழுதினேன். அந்த அந்தியில் ஊர் நின்ற விதத்தை எழுத நான்கு முறை முயன்று, முடியாமல் விட்டுவிட்டேன் என்பதையும் எழுதினேன்.

கடுகு

காப்பு அவிழ்த்த மறுநாள் காலை. எழுந்து வாசலுக்கு வந்தேன். முதலில் எதிர்வீட்டில் கேட்டது. பிறகு பக்கத்து வீட்டில், பிறகு தெரு முழுக்க. எட்டு நாளுக்குப் பிறகு ஊரில் எல்லா அடுப்பிலும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் கடுகு வெடித்தது. கறிவேப்பிலையும் காய்ந்த மிளகாயும் எண்ணெயில் விழுந்த வாசனை மேகம்போல எழுந்து தெருவை நிறைத்தது. நான் நின்ற இடத்திலேயே நின்றேன். அந்த வாசனைக்குள்ளிருந்து, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, இன்னும் போடலாமா கூடாதா என்ற சந்தேகத்தோடு நிர்மலா அம்மா நடந்து வந்தார்.

அன்று இரவு தங்கினார். புதுத் தாழ்ப்பாளைப் பலமுறை போட்டுத் திறந்து பார்த்ததாக அக்கா சொன்னார். காலையில் பேச்சு நடந்தது. பன்னிரண்டு பேர் கொண்ட குழுவாக அனுப்பலாமா என்றார் நிர்மலா அம்மா. இரண்டு அறை, நாலு பேர், அதற்குமேல் வாழைக்குத் தண்ணீர் அதிகம், எனக்குக் கை பத்தாது என்றார் அக்கா. சரி, நாலு பேர் என்று எழுதிக்கொண்ட நிர்மலா அம்மா, அடுத்த வருடம் அந்த எட்டு நாளுக்கென்று ஆசைப்பட்டு வருவார்கள், தேதி சொன்னால் இப்போதே பதிந்துகொள்ளலாம் என்றார். ஊர் உட்கார்ந்து பேசினால்தான் தேதி, அதை முன்கூட்டி விற்க முடியாது, அப்போது தற்செயலாக வந்தால் வாசலில் சொல்வோம் என்றார் அக்கா. நிர்மலா அம்மா நோட்டை மூடிவிட்டு, இத்தனை பிடிவாதத்துக்குப் பிறகும் ஏன் மார்கழியிலிருந்து ஆள் அனுப்புகிறேன் தெரியுமா என்று கேட்டு, தானே சொன்னார்: "நான் பார்க்கப் போற வீட்டுல எல்லாம் அன்னைக்கு மட்டும் எல்லாமே சரியா இருக்கும். என்னைக் கெளம்பச் சொன்னது இந்த ஒரு வீடுதான்."

சின்னையா அண்ணன் ஏஜெண்டின் எண்ணை அழிக்கவில்லை. இந்த வருடம் இருக்கிறேன், அடுத்த பங்குனியில் பார்ப்போம் என்றார். அக்கா அவர் தட்டில் இன்னொரு தோசை வைத்தார். நான் ஸ்கூட்டிச் சாவியை வாங்கிக்கொண்டு, நன்றி சொல்ல வார்த்தை தேடி நின்றேன். அக்கா என் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். "போயிட்டு வா. இனிமே நான் பேசி அனுப்புனா, கடைசி வரைக்கும் கேளு."

சுற்றுலா வளர்ச்சிக்காக நான் மாவட்டமெங்கும் தங்கவைத்தவர்களில், ஓர் ஊரில் இதுவரை அதிக நாள் இருந்த பயணி யார் என்று அலுவலகக் கோப்பில் கேட்டால், அந்த இடத்தில் என் பெயரைத்தான் நான் எழுத வேண்டியிருக்கிறது.